பதினெட்டாவது தடம்

இன்ஸ்பெக்டர் தில்ஷாத் பேகம் கொண்டுவந்த வீடியோ நாற்பத்தொரு விநாடிதான் ஓடியது. மிருதுளா அதை இரண்டு முறை பார்த்தாள். மூன்றாம் முறை ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டாள்.

துடியலூரில் ஒரு மாடி வீடு. வாசலில் 'ரோஸ்மேரி நைட்டீஸ்' என்று போர்டு. உள்ளே பதினைந்து தையல் மெஷின்கள். அன்று காலை பதினொன்று ஐந்துக்கு வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவன் கேட்டைத் தாண்டும்போதே சட்டைக்குள்ளிருந்து அரிவாளை உருவினான். மற்ற மெஷின்களை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சுகந்தி என்ற பெண்ணிடம் நேராகப் போனார்கள். அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. குறுக்கே வந்த ஒரு வயதான பெண்மணி கையை நீட்டித் தடுத்தார். அந்தக் கை மணிக்கட்டுக்கு மேலே தொங்கியது. மஞ்சள் நைட்டித் துணி முழுக்கச் சிவப்பானது. அதோடு வீடியோ முடிந்தது.

"கைய நீட்டுனது ஜெசிந்தாக்கா," என்றாள் மிருதுளா.

"ஆமா. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க. மயக்கம் தெளிய சாயங்காலம் ஆகும்." தில்ஷாத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஐம்பதை நெருங்கும் வயது. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். "அது நைட்டிக் கம்பெனி இல்லேனு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். புருஷனிடமும் அண்ணன் தம்பிகளிடமும் அடிபட்டு, வெட்டுப்பட்டு, தப்பி ஓடிவந்த பெண்கள் பதினேழு பேரை ஜெசிந்தா ஒளித்துவைத்துக் காத்த வீடு அது. அவர்கள் கையில் இருந்த போன்களில் இணையம் பார்க்க ஒரே ஒரு வழிதான் உண்டு. அது 'தாழ்ப்பாள்' என்ற பிரவுசர். அதை எழுதியவள் மிருதுளா. பீளமேட்டில் இந்த நாலாவது மாடி ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசையில்தான், பதினோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணம் ஆன புதிதில், கணவன் நவநீதன் தோசை சுட்டுப்போட அவள் எழுதியது.

"சுகந்தி ஒருத்திய வெட்டிக் கொன்னதோட நின்னிருந்தா யாரோ காட்டிக்குடுத்துட்டாங்கனு நினைச்சிருப்பேன்," என்றார் தில்ஷாத். "மத்த பதினாறு பேரையும் ஜெசிந்தா அந்தக் கையோடயே அரைமணி நேரத்துல ஆளுக்கொரு பக்கம் அனுப்பிட்டாங்க. எங்க போனாங்கனு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்பறம் ஒண்ணேகாலுக்குப் பல்லடம் பஸ் ஸ்டாண்டுல தவமணினு ஒரு பொண்ணு. தோள்ல ரெண்டு வெட்டு. பூக்கடைக்காரம்மா தண்ணி பக்கெட்டத் தூக்கி அடிச்சதால உசுரு தப்பிச்சுது. அந்தப் பொண்ணு பல்லடம் போனது தெய்வத்துக்கே தெரியாது. ஆள் அனுப்புனவனுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

நவநீதன் சமையலறை வாசலில் காப்பி டம்ளர்களோடு நின்றிருந்தான். தட்டில் டம்ளர்கள் லேசாகக் கிடுகிடுத்தன. மிருதுளா அதைக் கவனித்தாள். வீடியோவைப் பார்த்த நடுக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த வருஷங்களில் ஓர் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் தேவைப்படவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்தால், திறந்தவர் யார் என்று அந்தப் பக்கமே சொல்லிவிடும். போனின் ரகம், திரையின் அகலம், எழுத்தின் அளவு, விரல் எவ்வளவு வேகத்தில் தள்ளுகிறது என்பது. இப்படி நூறு சில்லறை விஷயங்களைக் கூட்டினால் ஒரு மனுஷி கிடைத்துவிடுவாள். அதற்குப் பெயர் தடம். சோப்பும் செருப்பும் விற்பதற்காக ஆரம்பித்தது. பிறகு தடங்களை விலைக்கு வாங்கி ஆள் தேடித் தருகிறவர்கள் வந்தார்கள். 'குடும்ப இணைப்புச் சேவை' என்று ரோஜாப்பூப் படம் போட்டு ரயில்வே ஸ்டேஷன் எதிரிலேயே போர்டு வைத்தார்கள். ஓடிப்போன மனைவியைத் தேட ஒரு கட்டணம். தங்கையைத் தேட ஒரு கட்டணம்.

தாழ்ப்பாளின் வேலை அந்தத் தடத்தை மறைப்பது.

"மறைக்கறதுனா?" என்றார் தில்ஷாத்.

"எங்க பிரவுசர் வெச்சிருக்கறவங்க அறுபது லட்சம் பேருங்க மேடம். வெளிய இருந்து பாத்தா அறுபது லட்சம் பேரும் ஒரே மாதிரி தெரிவாங்க. ஒரே எழுத்து, ஒரே அகலம், ஒரே வேகம். ஸ்கூல் யூனிபார்ம் மாதிரி. கூட்டத்துக்குள்ள யாரையும் தனியாப் பிரிக்க முடியாது. அதனாலதான் நான் எதையும் மாத்த விடறதில்ல. கலர் மாத்த முடியாது. எழுத்து அளவு மாத்த முடியாது. அதுக்குத் தெனமும் எனக்குத் திட்டு வரும்."

"அப்பறம் எப்படிப் பிரிச்சான்?"

மிருதுளா லேப்டாப்பைத் திறந்தாள். தடம் விற்கிறவர்களிடம் அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. தன் பிரவுசரை எவனாவது உடைத்துவிட்டானா என்று பார்க்க வாராவாரம் அவளே விலைக்கு வாங்கிப் பார்ப்பாள். அன்றைய பட்டியலில் துடியலூர் செல்போன் டவருக்கான பக்கத்தை இழுத்தாள். காலை பதினொரு மணி வரைக்கும் அங்கே தாழ்ப்பாள்காரர்கள் எழுநூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே அச்சு.

பதினேழு பேர் மட்டும் வேறு.

அவள் குனிந்து பார்த்தாள். வித்தியாசம் துளிதான். பக்கத்தின் நீளம். மற்றவர்களுக்கு நாற்பது வரியில் முடிகிற பக்கம் இவர்களுக்கு அறுபத்தொரு வரி ஓடியது. எழுத்து பெரிதாக இருந்தால்தான் அப்படி நீளும்.

"இது நான் எழுதுன பிரவுசர் இல்ல," என்றாள். "யாரோ இதை ஃபோர்க் பண்ணியிருக்காங்க."

பின்னால் டம்ளர்கள் மேசையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளர் சாய்ந்து காப்பி ஓடியது. நவநீதன் அதைத் துடைக்கவில்லை.

"ஃபோர்க் இல்ல மிரு," என்றான். "எழுத்த மட்டும்தான் பெரிசு பண்ணேன்."

மிருதுளா நாற்காலியோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"ரோகிணினு ஒருத்தங்க. அவங்க வீட்டுக்காரன் இரும்புக் கரண்டியில அடிச்சதுல ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொன்னு கால்வாசிதான் தெரியும். ஜெசிந்தாக்கா போன்ல எழுதிப் போடறத அவங்களால படிக்க முடியல. பக்கத்துல இருக்கறவங்களப் படிச்சுக் காட்டச் சொல்லக் கூச்சம். உன்கிட்டக் கேட்டா ஒருத்தருக்காக மாத்த முடியாதும்ப. அதான் காப்பியெடுத்து, ஒரே ஒரு வரி மாத்திக் குடுத்தேன். அவங்களுக்கு மட்டும் குடுத்தா மனசு சங்கடப்படுவாங்கனு வீட்ல எல்லாருக்கும் குடுத்தேன். பதினேழு பேருக்கும்."

"எப்ப?"

"எட்டு மாசம் ஆச்சு."

எட்டு மாதம். தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள். ஒரே போர்வையை இழுத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். வேறொரு பெண்ணின் பெயரை அவன் சட்டைப்பையில் கண்டெடுத்திருந்தால்கூட மிருதுளாவுக்கு இத்தனை எரிந்திருக்காது.

"பேரு மாத்துனியா? தாழ்ப்பாள்ங்கற பேரையே வெச்சுட்டியா?"

"ஒரு வரிக்கு எதுக்குப் பேரு மாத்தணும்? நீ தெனமும் பண்ற திருத்தம் எல்லாம் அதுலயும் காலையில தானா வந்து சேர்ந்துக்கும். உன்ற பிரவுசர்தான் அது."

தில்ஷாத் கையைத் தூக்கினார். "எனக்குப் புரியற மாதிரி ஒருத்தர் சொல்லுங்க. ஃபோர்க்குனா என்ன?"

"தனிக்குடித்தனங்க மேடம்," என்றான் நவநீதன் அவசரமாக. "பெரிய வீட்டுல இருந்து ஒரு பையன் பிரிஞ்சு போறான். அடுப்பு பிரிஞ்சாத்தான் தனிக்குடித்தனம். சாப்பாடு இன்னும் பெரிய வீட்ல இருந்தே வருதுன்னா, ரூம் மட்டும் வேறன்னா, அதைத் தனிக்குடித்தனம்னு யாராச்சும் சொல்லுவாங்களா? நான் ஜன்னல் திரைய மட்டும் மாத்துனேன்."

"தெருவுல அறுபது லட்சம் வீடு," என்றாள் மிருதுளா. அவனைப் பார்க்காமல் தில்ஷாத்திடம் சொன்னாள். "எல்லா ஜன்னல்லயும் வெள்ளைத் திரை. ஒரு வீட்ல மட்டும் மஞ்சத்திரை. தேடி வர்றவன் அடுப்பையா எட்டிப் பாப்பான்? அவனுக்குத் திரை போதும். வெளிய இருக்கறவனுக்கு வித்தியாசம் தெரிஞ்சா அது ஃபோர்க்குதான். ஒரு வரியா இருந்தாலும், ஒரு புள்ளியா இருந்தாலும்."

நவநீதன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

சுகந்தி தன் அம்மாவுக்குப் போன மாதம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள், நான் படிக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று போன் திரையைப் படமெடுத்து. அது அம்மாவிடமிருந்து மருமகன் கைக்கும், அங்கிருந்து ஆள்தேடி ஒருவன் கைக்கும் போனதை தில்ஷாத் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது. பெரிய எழுத்து இருந்தது. அதை வைத்தே அவன் அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் கூட்டத்திலிருந்து பிரித்துவிட முடியும்.

"அந்தப் பொண்ணுங்ககிட்ட போனத் தூக்கிப் போடச் சொல்ல வழியில்லையா?"

"ஜெசிந்தாக்கா மட்டும் எழுதற பக்கம் ஒண்ணு இருக்கு," என்றான் நவநீதன். "சிம் நம்பர் யாருக்கும் தெரியாது. பயமா இருந்தா அந்தப் பக்கத்தத் திறந்து பாருங்க, நான் எழுதியிருப்பேன்னு சொல்லி வெச்சிருக்காங்க. வேற யாராலயும் அதுல எழுத முடியாது."

"பயந்தா திறப்பாங்க," என்றாள் மிருதுளா. "திறந்தா தெரிவாங்க."

திரையில் அவள் கண் முன்னாலேயே ஒரு தடம் மினுக்கியது. அன்னூர் டவர். அறுபத்தொரு வரி. அது அணைந்ததும் உடுமலைப்பேட்டையில் ஒன்று. பிறகு மறுபடியும் அன்னூர்.

வழி ஒன்று இருந்தது. அதை முதலில் சொன்னவன் நவநீதன்.

"அவங்க போனுக்குத் திருத்தம் நாளைக்குக் காலையிலதான் போகும். அவங்கள மாத்த முடியாதுன்னா நம்ம மாறிக்கலாம் மிரு. என்ற ஒரு வரிய பெரிய பிரவுசர்ல சேர்த்துரு. அறுபது லட்சம் பேருக்கும் எழுத்து பெரிசாகட்டும். எல்லா ஜன்னல்லயும் மஞ்சத்திரை. பத்து நிமிஷத்துல பாதிக்கூட்டம் மாறிரும். அப்பறம் அவன் யாருன்னு தேடுவான்?"

மிருதுளா அந்த வரியைச் சேர்த்தாள். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரு மாற்றம் வெளியே போக இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். தனியாக யாரும், தான் உட்பட, எதையும் அனுப்பிவிடக் கூடாது என்று அவளே வைத்த விதி. இருவரிடமும் ஆளுக்கொரு சின்ன உலோகச் சாவி இருந்தது. அதை லேப்டாப்பில் சொருகி, கட்டைவிரலைப் பன்னிரண்டு விநாடி அழுத்த வேண்டும். நவநீதன் கழுத்துச் சங்கிலியிலிருந்து தன் சாவியைக் கழற்றி, சொருகி, அழுத்தினான். எடுத்தான்.

"உன்ற முறை."

அவள் தன் சாவியைக் கையில் எடுத்தாள். அப்போதுதான் பட்டியலில் அறுபத்தொரு வரித் தடங்களின் மொத்த எண்ணிக்கை அவள் கண்ணில் பட்டது.

"நவி, எத்தனை பேருக்குக் குடுத்த?"

"பதினேழு."

"பதினெட்டு தடம் இருக்கு."

தில்ஷாத் நாற்காலியை இழுத்துப்போட்டு நெருங்கினார். பட்டியலில் பதினெட்டாவது தடம் துடியலூரில் என்றைக்குமே இருந்ததில்லை. எட்டு மாதமும் ஒரே இடம். பீளமேடு. வீட்டு வைஃபை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜெசிந்தாவின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறது. வேறொன்றும் செய்வதில்லை.

"காவல் காக்கறான்," என்றார் தில்ஷாத் மெதுவாக. "அந்தப் போட்டோவுல மேல ஜெசிந்தாவோட பக்கத்து அட்ரஸ் இருந்திருக்கும். அவனும் அந்தப் பெரிய எழுத்துப் பிரவுசர் ஒண்ணு இறக்கி வெச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருக்கான். பீளமேட்டுல. உங்க ஏரியாவுலயே."

"போட்டோ போன மாசம்தானே..." என்று ஆரம்பித்தான் நவநீதன்.

"இவனுங்க போன மாசம்தான் ஆரம்பிச்சானுங்கனு யாரு கண்டா." தில்ஷாத் எழுந்துவிட்டார். போனை எடுத்து யாருக்கோ அந்த வைஃபை எண்ணைப் படித்தார். பிறகு மிருதுளாவிடம் திரும்பினார். "பிராட்பேண்ட் கம்பெனிக்கு லெட்டர் போகுது. நாப்பது நிமிஷத்துல கதவு நம்பரோட பதில் வரும். அதுவரைக்கும் அவன் இடம் மாறுறானானு பாத்துட்டே இருக்கணும், கூட்டத்துல கலந்துறக் கூடாதும்மா. நீ இப்பக் கையெழுத்துப் போட்டா பதினாறு பொண்ணுங்களும் மறைஞ்சிருவாங்க, அவனும் மறைஞ்சிருவான். நாளைக்கு இன்னொரு வீட்டுக்கு வேன் அனுப்புவான்."

"அதுக்குள்ள அவங்களுக்கு ஏதாச்சும் ஆனா?" என்றான் நவநீதன்.

"பல்லடத்துக்கும் உடுமலைக்கும் சொல்லியாச்சு. அன்னூருக்கு ஜீப் போகுது. நாப்பது நிமிஷம்."

நவநீதன் மனைவியைப் பார்த்தான். மிருதுளா தன் உள்ளங்கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். மஞ்சள் துணி சிவப்பானது அவள் கண்ணிலேயே நின்றது. தொங்கிய கை. எழுந்திருக்கவே இல்லாத சுகந்தி. எவனோ ஒருவன் பக்கத்துத் தெருவில் டீ குடித்துக்கொண்டு இதையெல்லாம் செய்கிறான். அவன் கையில் விலங்கு மாட்டுவதை அவள் பார்க்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவளுக்கு எதன் மேலும் இத்தனை ஆசை வந்ததில்லை.

"நாப்பது நிமிஷம்," என்றாள்.

தில்ஷாத் கீழே போய்விட்டார். சந்தில் ஆட்களை நிறுத்த வேண்டும் என்றார்.

இரண்டு ஐம்பதுக்கு அன்னூர் மினுக்கியது. இரண்டு ஐம்பத்திரண்டுக்கு மறுபடியும். இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு.

"அது ரோகிணிதான்," என்றான் நவநீதன். "அவங்கதான் இப்படித் திறப்பாங்க. கண்ணு வலிக்கும், மூடிருவாங்க. மறுபடி திறப்பாங்க."

"உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு."

"திட்டறதா இருந்தா நாளைக்குத் திட்டு. ராத்திரி பூராத் திட்டு. டைவர்ஸ் வேணுமா, குடுத்தர்றேன். இப்பக் கையெழுத்துப் போடு மிரு. ஒரே விரல்."

"அவனப் புடிக்க வேண்டாமா? நீ செஞ்ச தப்புக்கு நான் ஒருத்தனையாச்சும் புடிச்சுக் குடுக்கறேன்."

"என்ற தப்புக்கு அவங்களத் தூண்டில்ல மாட்டாத."

மணி மூன்று. அன்னூர் இன்னும் இரண்டு தடவை மினுக்கியது. மூன்று ஐந்துக்கு ஒருமுறை. அதற்குப் பிறகு மினுக்கவில்லை. மூன்று எட்டு. மூன்று பத்து. கண் வலித்துப் போனை வைத்துவிட்டிருப்பாள் என்று மிருதுளா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜீப் போய்ச் சேர்ந்திருக்கும்.

திரையில் பதினெட்டாவது தடம் மினுக்கியது. அதே நேரம் சமையலறையில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், தினமும் கேட்டுப் பழகியதால் காதில் ஏறாதது.

அவள் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். பிறகு எழுந்தாள். ஃபிரிட்ஜின் மேல், தக்காளிக் கூடைக்குப் பின்னால், விரிசல் விட்ட பழைய போன் ஒன்று சார்ஜில் கிடந்தது. எட்டு மாதமாக அது அங்கேதான் கிடந்தது. தூசு தட்டும்போதெல்லாம் அவளே அதை நகர்த்தி வைத்திருக்கிறாள். திரையில் ஜெசிந்தாவின் பக்கம் திறந்திருந்தது. எழுத்துகள் கொட்டைப்பாக்கு அளவுக்கு.

"நவி, இது யாரோடது?"

அவன் வந்து பார்த்தான்.

"டெஸ்ட் பண்றதுக்கு வெச்சது. பக்கம் சரியாத் திறக்குதான்னு பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அதுவே பாத்துக்கும். நான்... என்னைய நான் எண்ணல மிரு."

சாஃப்ட்வேர் எழுதுகிற யாரும் தங்களை எண்ணுவதில்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் வெளியே இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். மிருதுளாவும் அப்படித்தான் சொல்வாள். அறுபது லட்சத்தில் அவள் இருந்ததே இல்லை. தில்ஷாத் படித்த வைஃபை எண் தன் வீட்டினுடையதா என்றுகூட அவள் பார்க்கவில்லை.

அவள் ஹாலுக்கு ஓடினாள். சாவி மேசையில் கிடந்தது. அப்போது காலிங் பெல் அடித்தது.

"கம்பெனில இருந்து பதில் வந்திருக்கும். மேடம்தான்," என்றான் நவநீதன். கதவை நோக்கி நடந்தவன் பாதியில் நின்றான். அவனுக்கும் அந்தக் கணத்தில் அது தோன்றியிருக்க வேண்டும். தில்ஷாத் லெட்டர் போட்டுக் காத்திருக்கிறார். காசு கொடுக்கிறவனுக்கு அதே பதில் எத்தனை நிமிஷத்தில் வரும்? பதினெட்டாவது தடத்தைப் பார்க்கிற அவனுக்கு அது யாராகத் தெரியும்? மறைந்திருக்கிற இன்னொரு பெண்ணாகத்தான்.

கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. பகல் நேரத்தில் யார் போடுகிறார்கள்.

கைப்பிடி திரும்பியது. நவநீதன் பாய்ந்து தோளைக் கொடுத்தான். ஒரு சாண் திறந்த கதவு அதோடு நின்றது. அந்த இடுக்கில் சாப்பாடு டெலிவரிச் சட்டை போட்ட ஒரு கை. கையில் அரிவாள். அது கண்ணை மூடிக்கொண்டு வீசுவது போல மேலும் கீழும் வீசியது. கதவு விளிம்பைப் பிடித்திருந்த நவநீதனின் இடது கையில் பட்டது. அவன் கத்தவில்லை. 'ஹ்' என்று மூச்சு மட்டும் வந்தது. சுவரில் ரத்தம் தெறித்தது. தரையில் ஏதோ இரண்டு விழுந்தன.

மிருதுளா கதவைப் பார்த்து இரண்டு அடி வைத்தாள்.

"இங்க வராத," என்றான் அவன். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. முதுகால் கதவை அழுத்திக்கொண்டிருந்தான். வெளியே இரண்டு பேர் தள்ளினார்கள். "கையெழுத்து. போடு."

பதினோரு வருஷம் அவள் பக்கத்தில் தூங்கியவன் அங்கே வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தான். அவள் திரும்பி மேசைக்குப் போனாள். சாவியைச் சொருகினாள். கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். பன்னிரண்டு விநாடி. கதவு இடித்தது. நான்கு. அவன் கால் வழுக்கியது, மறுபடியும் ஊன்றினான். ஏழு. அரிவாள் அவன் தோளில் ஒருமுறை இறங்கியது. அவள் விரலை எடுக்கவில்லை. பத்து. வாழ்க்கையில் அவள் செய்த எதுவும் அத்தனை நீளமாக இருந்ததில்லை. பன்னிரண்டு.

'அனுப்பப்பட்டது' என்றது திரை.

அடுப்பில் காலைத் தோசைக்கல் அப்படியே இருந்தது. இரும்புக்கல், அவள் அம்மா சீதனமாகக் கொடுத்தது, இரண்டு கை போட்டால்தான் தூக்க வரும். மிருதுளா அதைத் தூக்கிவந்து, கதவிடுக்கில் இருந்த அந்த மணிக்கட்டின் மேல் விளிம்பால் இறக்கினாள். முருங்கைக்காய் ஒடிவது போலச் சத்தம் கேட்டது. அரிவாள் விழுந்தது. அவள் மறுபடியும் அடித்தாள். கை உள்ளே மாட்டிக்கொண்டு இழுத்தது. அந்தக் கைக்காரன் அம்மா அம்மா என்று அலறினான். அவள் மறுபடியும் அடித்தாள். போதும் என்று நவநீதன் சொன்னது காதில் விழுந்தது. போதவில்லை. படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டு, தில்ஷாத் வந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தபோதுகூட அவள் கையில் கல் இருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேரும் பிடிபட்டார்கள். கூலிக்கு வந்தவர்கள். யார் அனுப்பியது என்று அவர்களுக்கே தெரியாது. செய்தி வரும், இடம் வரும், அவ்வளவுதான். செய்தி வந்த போனை தில்ஷாத் திருப்பி அதிலிருந்த பிரவுசரைக் காட்டினார். அது தாழ்ப்பாள்.

ஆம்புலன்ஸில் ஏறும்போது மிருதுளா கேட்டாள். "அன்னூர்?"

தில்ஷாத் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஜீப் போய்ச் சேரும்போது மூணு பத்து."

"எப்ப மேடம்?"

"மூணு ஆறுனு சொல்றாங்க. பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாடி. போன் கையிலயே இருந்துச்சு."

இரண்டே முக்காலுக்கு அந்தச் சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. நவநீதன் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்திரண்டு நாளும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, இரண்டு விரல் இல்லாத கையால் தோசை திருப்பப் பழகி, முதல் தோசையை அவள் தட்டில் போட்டபோதும் சொல்லவில்லை. அவள் அந்தத் தோசையைப் பிய்க்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தலையைத் தன் நல்ல தோளில் சாய்த்துக்கொண்டான். அவ்வளவுதான்.

மற்ற பதினான்கு பேரையும், தவமணியையும், ஜெசிந்தா ஒற்றைக் கையால் எழுதி எழுதியே ஓரிடத்தில் சேர்த்துவிட்டார். எந்த இடம் என்று மிருதுளா கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மதியம் தில்ஷாத் மறுபடியும் அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

"என்னம்மா, எழுத்தச் சின்னதாக்குன்னு ஊரே கத்துதாமே?"

"நாப்பதாயிரம் புகாருங்க மேடம். நாங்கெல்லாம் என்ன குருடாங்கறாங்க."

"அவங்கள்ல சில பேர் வேலையாவே இறங்கிட்டாங்க," என்றான் நவநீதன். "பழையபடி சின்ன எழுத்து போட்டு ஒரு காப்பி விட்டிருக்காங்க. நேத்து வரைக்கும் முன்னூத்திப் பன்னெண்டு பேர் இறக்கியிருக்காங்க."

தில்ஷாத் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கு இப்போதெல்லாம் விளக்கம் தேவைப்படவில்லை. "அப்ப அந்த முன்னூத்திப் பன்னெண்டு பேரும் தனியாத் தெரிவாங்க."

"ஆமாங்க."

"அதுல அவனும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"ஒரு வாரம் சும்மா இரு. ஒரே வாரம். யாரு என்ன திறக்கறாங்கனு பாத்துட்டு இருப்போம். தடம் விக்கறவனுங்க பக்கத்துக்குத் தெனமும் எவன் போறான்னு பாத்தா போதும். ரோகிணி விஷயத்துக்கு நீயும் ஒரு பதில்..." அவர் முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

மிருதுளா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் சுகந்தியைப் போல ஜன்னலோரத்தில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறார்களோ. சின்ன எழுத்து பிடிக்கும் என்பதைத் தவிர அவர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. அவளுக்கும் சின்ன எழுத்துதான் பிடிக்கும்.

சிறிய எழுத்துப் பதிப்பில் இருப்பவர்களுக்கு என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தாள். நீங்கள் வெளியே தனியாகத் தெரிகிறீர்கள். இன்றே திரும்பி வந்துவிடுங்கள். அவனும் இதைப் படிப்பான். படித்துவிட்டு, அவனும் திரும்பிக் கூட்டத்துக்குள் வந்துவிடுவான். அது தெரிந்துதான் எழுதினாள்.

"எத்தனை நாள் கழிச்சு அனுப்பப்போற?" என்று கேட்டார் தில்ஷாத்.

மிருதுளா சாவியைச் சொருகினாள். கட்டைவிரலை வைத்தாள். அவள் எண்ணி முடித்ததும் நவநீதன் தன் சாவியோடு குனிந்தான்.

தில்ஷாத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். கோபித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது, கதவு விளிம்பில் இன்னும் பெயிண்ட் அடிக்காமல் இருந்த வெட்டுத் தழும்பை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

வரிசையில் அடுத்த புகார் காத்திருந்தது. எழுத்தின் அளவைப் பழையபடி குறைக்கவும். அதற்குக் கீழே 'நிராகரிப்பு' என்ற பொத்தானும், காரணம் எழுத ஒரு பெட்டியும் இருந்தன. பதினோரு வருஷமாக அந்தப் பெட்டியில் அவள் ஒரே வரியைத்தான் எழுதி வந்தாள்: 'ஒருவருக்காக மாற்ற இயலாது.'

மிருதுளா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, 'ஒருவருக்காக மாற்றியிருக்கிறோம்' என்று எழுதி அனுப்பினாள்.